மனசுக்கு என்ன வேஷம்

ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவை ராஜா ராணி நாடகம் வேண்டாம் என்று மாணவர் சங்கத்தில் முடிவானபோது ரொம்பவும் மனம் உடைந்து போனவன் சோலைச்சாமிதான். சேத்தூரிலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் தங்கிப் படிக்கிறவன். மூன்று வருஷமாக ராணி வேஷம் அவனுக்குத்தான். ஒட்டுமுடியும் சரிகைச் சேலையும் இல்லாமல் மேடை எதற்கு என்பது அவன் கட்சி.

"பொறவு என்னதாம்ல போடப் போறோம்?" என்று கேட்டான்.

சங்கத்தின் காரியதரிசி ஏசுவடியான் நாலு பக்கத்துக்குத் திட்டமே எழுதிக் கொண்டுவந்திருந்தான். வத்திராயிருப்புப் பையன், கடைசி வகுப்பான ஆறாம் பாரம், அவனும் போர்டிங்தான். எழுதிவைக்காமல் எதையும் செய்யமாட்டான். வீட்டுக்குப் போடுகிற கார்டில்கூடத் தேதி, இடம், போன கார்டு கிடைத்த விவரம், அதற்குப் பதில், அப்புறம்தான் புதுச் சமாசாரம் என்று ஒழுங்கு மாறாது. திட்டத்தின் தலைப்பில் 'ஒரு மாணவனைப் பற்றிய மனோதத்துவ நாடகம்' என்று போட்டிருந்தான். மனோதத்துவம் என்ற சொல்லை ஏதோ ஒரு மாதப் பத்திரிகையில் பிடித்திருந்தான். கதை இதுதான்: ஒரு பையன் தப்புச் செய்கிறான், பழி இன்னொருவன்மேல் விழுகிறது, செய்தவன் வாய் திறக்கவில்லை. அவன் மனசு தனியே ஓர் ஆளாக மேடைக்கு வந்து அவனோடு வாதாடுகிறது. மூன்றாம் காட்சியில் அவன் அழுது, உண்மையைச் சொல்லி, வளர்ந்த மனுஷனாக நிமிர்கிறான்.

"மனசுக்கு என்ன வேஷம்?" என்றான் சோலைச்சாமி.

"தேவதூதன் மாதிரி. வெள்ளை அங்கி, செட்டை."

சிறகு கட்டுகிற வேஷம் என்றதும் சோலைச்சாமிக்குப் போன உயிர் வந்தது. மனசுக்குப் பாட்டும் ஒன்று உண்டு என்று தெரிந்ததும், அந்த வேஷம் தனக்கே என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டான்.

தப்புச் செய்த பையனாக மாரிசாமியைப் போடலாம் என்று ஏசுவடியான் சொன்னபோது சலசலப்பு எழுந்தது. "யாரு, அவசர மணியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மாரிசாமியும் சிரித்தான். ஏசுவடியான் மட்டும் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

மாரிசாமி இராஜபாளையத்துப் பையன். தகப்பனார் பஞ்சு அரைக்கிற ஆலையில் வேலை பார்த்தார். அவன் தினமும் காலைப் பாசஞ்சரில் வந்து மாலை வண்டியில் திரும்புகிறவன். முந்தின வருஷம், ஐந்தாம் பாரத்தில், பள்ளிக்கூட மணி அவன் பொறுப்பில் இருந்தது. மணி என்றால் தாழ்வாரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. அவன் அடித்தால் கோயில் தேர் நிற்கிற தேர்முட்டிவரைக்கும் சீராகக் கேட்கும். கை அவ்வளவு நிதானம். ஹாலில் இருந்த சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும் நேரம் வைப்பதும் ஏசுவடியான் பொறுப்பு. தலைமையாசிரியர் வில்சன் சார் ஒருவரிடம்தான் பைக்கடிகாரம் உண்டு. மற்றபடி பள்ளிக்கூடத்துக்கு நேரம் சொன்னது எட்டு ஐம்பது பாசஞ்சர்தான். அது ரயில்வே கேட்டருகே வந்து ஊதும்போது முள்ளை எட்டு ஐம்பதில் வைப்பது வழக்கம். ரயில் தாமதமானால் பள்ளிக்கூடமும் தாமதமாகும். அப்புறம் சார் வந்து திருத்துவார்.

ஒரு நாள் சாயங்காலம் ஏசுவடியான் சாவி கொடுக்க மறந்துபோனான். காலையில் பார்த்தால் கடிகாரம் நின்று கிடந்தது. அவசரமாகச் சாவி கொடுத்துவிட்டு ஊதலுக்குக் காத்திருந்தான். ஊதியது, எட்டு ஐம்பது வைத்தான். ஆனால் ஊதியது பாசஞ்சர் அல்ல. இராஜபாளையத்தில் எழும்பிக்கொண்டிருந்த புது மில்லுக்கு இயந்திரப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த கூட்ஸ் அது. இருபத்தைந்து நிமிஷம் முந்தி வந்து, பாசஞ்சருக்கு வழிவிட்டு ஸ்டேஷனில் நின்றது. பிறகு பாசஞ்சர் வந்து ஊதியபோது ஏசுவடியான் போர்டிங்கில் கஞ்சிக்கு வரிசையில் நின்றான். தட்டுச் சத்தத்தில் அது காதில் விழவில்லை. இராஜபாளையத்துப் பையன்கள் பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் ரயில் தாமதம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடிகாரத்தில் பன்னிரண்டரை ஆனதும் மாரிசாமி சாப்பாட்டு மணியை அடித்தான். அன்றைக்கென்று இன்ஸ்பெக்டர் வந்திருந்தார், சார் காலையிலிருந்தே அவரோடு பங்களாவில் இருந்ததால் கடிகாரத்தைத் திருத்தவில்லை. ஐந்தாம் பாரத்துக் கணக்கு வகுப்பைக் காட்டலாம் என்று வில்சன் சார் அவரைப் பங்களாவிலிருந்து ஜட்காவில் அழைத்துவந்து வாசலில் இறங்கினால், பள்ளிக்கூடம் முழுவதும் புளியமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சார் பைக்கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மணி பன்னிரண்டு எட்டுதான் என்று உரக்கச் சொன்னார்.

அதைக் கேட்டதுமே ஏசுவடியானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பின்வாசல் வழியாக ஹாலுக்குள் ஓடி, முக்காலியில் ஏறி, முள்ளை இருபத்தைந்து நிமிஷம் பின்னுக்குத் தள்ளினான். மணிக்கும் அரைமணிக்கும் அடிக்கிற கடிகாரத்தில் முள்ளைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்று மற்றப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனே அவன்தான். அந்த நேரத்தில் அவனுக்கு மாரிசாமியின் நினைப்பே இல்லை. கடிகாரம் சரியாகிவிட வேண்டும் என்ற ஒன்றுதான் தலையில் இருந்தது.

"கடிகாரத்தப் பாத்துத்தான் சார் அடிச்சேன்" என்று மாரிசாமி சொன்னான். சார் அவனை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். கடிகாரமும் பைக்கடிகாரமும் அச்சாக ஒரே நேரம் காட்டின. கடிகாரத்தில் பன்னிரண்டரையைப் பார்த்திருந்த மற்ற உபாத்தியாயர்கள் இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. மணியை முந்தி அடித்ததும் அல்லாமல் பொய்யும் சொன்னான் என்று தீர்ப்பாயிற்று. ஆறு பிரம்படி, சாயங்காலம்வரை அந்தக் கடிகாரத்தின் கீழேயே நிற்கவேண்டும். மணிப் பொறுப்பு போயிற்று. நடத்தைப் புத்தகத்தில் அவன் பேருக்கு நேரே, 'பொய் மணி அடித்தவன்' என்று ஒரு வரி ஏறியது.

பிரம்படி ஆறிவிட்டது. வரி அப்படியே இருந்தது. இராஜபாளையத்தில் மில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே டைம் ஆபீஸுக்கு, ஆட்கள் வருகிற போகிற நேரம் பதிய, ஒரு பையன் வேண்டும் என்றார்கள். மாரிசாமிக்கு அதிலேயே கண். அதற்குத் தலைமையாசிரியரின் நடத்தை சர்டிபிகேட் வேண்டும். பொய் மணி அடித்தவனை டைம் ஆபீஸில் யார் உட்கார வைப்பார்கள்? விழா முடிந்த மறுவாரம் சர்டிபிகேட் எழுதுகிற நாள்.

ஏசுவடியானுக்கும் அதே கையெழுத்து வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் உபாத்தியாயர் பயிற்சிக்கு ஒரு சிபாரிசு. ஆகவே சுற்றிவளைத்து ஒரு வழி கண்டுபிடித்தான். உண்மை சொல்கிற பையனாக மாரிசாமி மேடையில் நின்று கண்ணீர் விட்டால் வில்சன் சாரின் மனம் இளகும். பழைய வரியை மறந்து நல்லதாக எழுதிக் கொடுத்துவிடுவார். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. நாடகத் திட்டத்தின் ஐந்தாம் பக்கத்தில் இதையும் எழுதிப் பார்த்து, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துப் போட்டிருந்தான்.

மாலை வண்டி வரும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் நாடகத்தைப் பேசினார்கள். ஏசுவடியான் எழுதியதை வாசிப்பான். சோலைச்சாமி பாட்டுக்கு ராகம் தேடுவான். மாரிசாமி நிலக்கடலையை உரித்துக்கொண்டே கேட்பான். முதல் காட்சியில், தப்புச் செய்த பையன் தலையில் கைவைத்துப் புலம்புவதாக இருந்தது.

"புலம்ப மாட்டாம்ல" என்றான் மாரிசாமி. "நல்லாச் சாப்பிடுவான். அன்னைக்குன்னு எல்லாருக்கும் வலியப் போயி ஒத்தாசை பண்ணுவான். அடி வாங்குனவனுக்கே போயி மோர் குடுப்பான்."

ஏசுவடியானின் பென்சில் நின்றுவிட்டது. அன்று மாலை, கடிகாரத்தின் கீழ் நின்றிருந்த மாரிசாமிக்குத் தன் பங்கு மோரைக் கொண்டுபோய்க் கொடுத்தது நினைவுக்கு வந்தது. தற்செயலாகத்தான் சொல்கிறான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, 'மோர் கொடுக்கிறான்' என்று எழுதினான்.

அதற்கப்புறமும் மாரிசாமி இப்படியே சொல்லிக்கொண்டு போனான். தப்புச் செய்தவன் அந்தப் பட்டப்பெயரை மட்டும் ஒருநாளும் வாயால் சொல்லமாட்டான் என்றான். பழி சுமந்தவன் சிரித்தால் அவன் சிரிக்கமாட்டான் என்றான். ஒரு மனுஷனின் உள்ளுக்குள் நடப்பதை, வெளியே அவன் கைகால் செய்கிற காரியத்தை வைத்தே எடுத்துச் சொல்ல இப்படி ஒருவனால் முடியுமா என்று ஏசுவடியானுக்கு வியப்பாக இருந்தது. பத்திரிகையில் படித்த மனோதத்துவம் எல்லாம் இந்த நிலக்கடலைத் தொலிக்கு முன்னால் நிற்காது போலிருந்தது. காட்சிகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. அவனுக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வளர்ந்தன.

மூன்றாம் காட்சியை எழுதி முடித்த சனிக்கிழமை, முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்க இராஜபாளையத்துக்கு வரும்படி மாரிசாமி சொன்னான். ஏசுவடியானும் சோலைச்சாமியும் ரயிலேறிப் போனார்கள். அரவை ஆலைக்குப் பின்னால் பஞ்சுப் பொதிகள் அடுக்கிய வெளியில் உட்கார்ந்தார்கள். வெயிலில் பஞ்சுத் தூசி பறந்து மூவர் தலையும் நரைத்துவிட்டது. செட்டைக்குப் பஞ்சு வேண்டும் என்று சோலைச்சாமி மாரிசாமியின் அப்பாவைக் கேட்டிருந்தான். எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் ஆள் அனுப்பவும் அவன் எழுந்து ஓடினான். இருவரும் தனியே இருந்தார்கள்.

ஏசுவடியான் மூன்றாம் காட்சியை வாசித்தான். தேவதூதன் பாடுகிறான். பையன் முழந்தாளிட்டு விம்மி அழுது, எல்லார் முன்னிலையிலும் உண்மையைச் சொல்கிறான். எல்லாரும் அவனைக் கட்டிக்கொள்கிறார்கள்.

மாரிசாமி தலையில் விழுந்த பஞ்சைத் தட்டினான். பிறகு, "இது மட்டும் நல்லா இல்ல ஏசு" என்றான்.

"ஏன்?"

"மனசு பாடாதுல்லா. செட்டை கட்டிக்கிட்டும் வராது. தப்புச் செஞ்சவன் என்ன செய்வான் தெரியுமா? தெனமும் போயி ஒரு எடத்துல நிப்பான். கடிகாரத்தப் பாப்பான். மழைன்னாலும் நிப்பான், காய்ச்சல்னாலும் நிப்பான். பாத்துட்டுத் திரும்பி நடப்பான். அதுதாம்ல மனசு."

ஏசுவடியான் தாள்களை மடியில் தாழ்த்தினான்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாளிலிருந்து அவன் ரயில் ஊதலை நம்புவதை விட்டிருந்தான். தினமும் காலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு மைலுக்குமேல் நடந்து, பிளாட்பாரத்துக் கடிகாரத்தைக் கண்ணால் பார்த்து, ஊரில் யாரிடமோ இரவல் வாங்கிய பழைய கைக்கடிகாரத்தில் அதை வைத்துக்கொண்டு திரும்புவான். யாரும் அவனை அனுப்பவில்லை. ஏன் போகிறாய் என்று யாரும் கேட்டதும் இல்லை.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான்.

"அன்னைக்கே. கடிகாரத்துக்குக் கீழதானே நிக்க வச்சாரு. ஒன்றரைக்கு ரெண்டு அடிச்சுது. ரெண்டு மணிக்கு ஒண்ணு அடிச்சுது. முள்ளப் பின்னால தள்ளுனா அடி மாறிப்போகும்னு சொல்லிக் குடுத்தது யாரு, நீதானே? காலையில ஸ்டேஷன்ல மில்லுப் பெட்டியோட கூட்ஸ் நின்னதயும் நான் பாத்தேன். ரெண்டயும் சேத்துப் பாக்க எம்புட்டு நேரம் ஆகும்?"

"சார்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் மறுநாளு கெளம்பி வந்தேன். அம்புட்டுக் கோவம். ரயில் நிக்குது, சன்னல் வழியாப் பாக்கேன், நீ பிளாட்பாரத்துல நிக்கே. கொட்டுத மழையில கடிகாரத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கே. என்னயப் பாக்கல. செத்த நேரம் பொறுப்போம், இவனே சொல்லுவான்னு நெனச்சேன். அடுத்த நாளும் நின்னே. அதுக்கடுத்த நாளும் நின்னே. பொறவு சன்னலோரம் எடம் பிடிக்கதே ஒன்னயப் பாக்கத்தான். கோவம் எங்க போச்சுன்னே தெரியல."

ஏசுவடியான் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. ஒரு வருஷமாகப் பட்டப்பெயரைத் தலையில் சுமந்துகொண்டு, அதற்குக் காரணமானவனைத் தினமும் சன்னல் வழியாகப் பார்த்து, அவன் மனசைப் பொறுமையாகப் படித்து, கடைசியில் அவனுடைய நாடகத்துக்கே அதைக் கொடுத்திருக்கிறான். வளர்ச்சி வளர்ச்சி என்று நாலு பக்கம் எழுதியது யார், வளர்ந்து நிற்பவன் யார்?

"அப்போ கடைசிக் காட்சியில அந்தப் பையன் என்ன செய்யணும்?" என்று மெல்லக் கேட்டான்.

"அது எனக்குத் தெரியாது" என்றான் மாரிசாமி. "நாம நாடகத்தத்தான பேசுதோம். எழுதுறவன் நீ."

மில் சங்கு ஊதியது. ஊரே தலைநிமிர்ந்து நேரம் பார்க்கிற சங்கு. மாரிசாமி அது ஓயும்வரை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சர்டிபிகேட் என்ற சொல்லை அவன் அன்றைக்கு ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

அதற்குள் சோலைச்சாமி இரண்டு கை நிறையப் பஞ்சோடு வந்துவிட்டான்.

திரும்புகிற ரயிலில் ஏசுவடியான் வில்சன் சாருக்குக் கடிதம் எழுதினான். தேதி, இடம், பொருள் எல்லாம் முறையாகப் போட்டு, நின்றுபோன கடிகாரத்திலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் எழுதினான். ஸ்டேஷனில் இறங்கிப் போர்டிங்குக்குப் போகாமல் நேரே சார் வீட்டுக்குப் போனான். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினான். அவர் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"எழுதிக் குடுக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

ஏசுவடியான் கையைக் கட்டிக்கொண்டான். "சொல்ல வந்தேன் சார்."

"அப்ப இத நீயே வச்சிக்கோ. சொல்லு."

சொன்னான். எழுதியதில் இருந்த ஒழுங்கு ஒன்றும் சொன்னதில் இல்லை. மோரைப் பற்றி முதலில் சொன்னான், கூட்ஸைப் பற்றிக் கடைசியில் சொன்னான். பாளையங்கோட்டைச் சிபாரிசுக்காகவும்தான் பேசாமல் இருந்தேன் என்பதையும் சொன்னான். முடிந்ததும் சார் பேனாவை மூடி வைத்தார். அப்புறம், நடத்தைப் புத்தகத்து வரியை அடித்துவிடலாம், தன் கையால் கொடுத்த ஆறு அடியை எப்படி அடிப்பது என்று தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார். சிபாரிசு இந்த வருஷம் கிடையாது, அடுத்த வருஷம் வந்து பார் என்றார். ஏசுவடியான் தலையாட்டினான். கேட்டைத் திறந்து வெளியே வந்தான். நடை இலேசாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் வில்சன் சார் மாரிசாமியை முன்னால் கூப்பிட்டார். நடந்ததைப் பள்ளிக்கூடம் அறியச் சொன்னார். தான் கடிகாரத்தை நம்பியதாகவும், பையனை நம்பியிருக்க வேண்டும் என்றும் சொல்லி, எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். நடத்தைப் புத்தகத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, நடந்தது இன்னது என்று அதன் கீழே ஏசுவடியான் தன் கையெழுத்தில் எழுதினான். மாரிசாமிக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அன்று முதல் மணியை அவனே அடித்தான். பழைய நிதானம் மாறாமல், சீராக, தேர்முட்டிவரைக்கும் கேட்டது.

சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் மூன்றாம் காட்சி திரும்ப எழுதப்பட்டது. பாட்டு போயிற்று. அழுகை போயிற்று. கட்டிக்கொள்கிறவர்களும் போனார்கள். ஏசுவடியான் திட்டத்தில் புதிதாக எழுதினான்: 'மனசு: வேஷம் இல்லை. பள்ளிக்கூட உடுப்பு. மேடையின் ஓரத்தில், இல்லாத ஒரு கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கவேண்டும். பேச்சுக் கிடையாது.'

"பேச்சுமில்ல, பாட்டுமில்ல, செட்டையுமில்ல. இதுக்கு நான் எதுக்குல?" என்றான் சோலைச்சாமி. வெள்ளைத் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த செட்டை அவன் மடியில் இருந்தது. அதைத் தலையணையாக்கிக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

"நீ சார் வேஷம் போடு. பெரம்பு இருக்கு, மூக்குக்கண்ணாடி இருக்கு" என்றான் மாரிசாமி. சோலைச்சாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, பைக்கடிகாரமும் உண்டா என்று கேட்டு, உண்டு என்றதும் சம்மதித்தான்.

"அப்ப மனசா யாரு நிக்கது?" என்றும் கேட்டான்.

மாரிசாமி கடலை உரித்த கையால் ஏசுவடியானைக் காட்டினான். "அவன் நின்னாப் போதும். ஒருத்தரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

தூரத்தில் கேட்டருகே மாலை வண்டி ஊதியது. ஏசுவடியான் பழக்கத்தில் அண்ணாந்து பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். வண்டி ஏழு நிமிஷம் தாமதம். மாரிசாமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"காலையில வருவியா?" என்று கேட்டான்.

"வருவேன்" என்றான் ஏசுவடியான். "கடிகாரம் பாக்கணும்லா."

"சரி, நில்லு. சேந்தே நடப்போம்."